இது கேக் அல்ல... இத்தாலி லேகியம்!

‘என்னடா இது, சித்த வைத்தியர் கிறிஸ்துமஸ் பலகாரம் செய்யச் சொல்லித் தருகிறாரே! மருந்துக் கடையை மூடிவிட்டு பேக்கரி ஆரம்பித்துவிட்டாரோ?’ என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பலகாரத்தின் பூர்வீகத்தைக் கேட்டால், இதைப் பற்றி எழுத வைத்தியனுக்குத்தான் உரிமை அதிகம் என்று நீங்களே சொல்வீர்கள்.

இத்தாலி நாட்டில் சியன்னா என்று ஒரு பழைய நகரம். அங்கே கிறிஸ்துமஸ் வந்தால் ‘பான்ஃபோர்த்தே’ என்று ஒரு இனிப்பு செய்வார்கள். ‘பான்’ என்றால் ரொட்டி. ‘ஃபோர்த்தே’ என்றால் வலுவானது, சுள்ளென்றது. பெயர்தான் ரொட்டி. பார்ப்பதற்கு நம் கடலை மிட்டாய்க்கும் அல்வாவுக்கும் நடுவில் இருக்கும். வட்டமாக, தட்டையாக, கனமாக இருக்கும். உள்ளே முழு பாதாம், சர்க்கரைப் பாகில் ஊறிய நார்த்தைத் தோல், ஆரஞ்சுத் தோல், முலாம்பழத் துண்டு, தேன், கொஞ்சம் மாவு... அவற்றோடு மிளகு, கிராம்பு, லவங்கப்பட்டை, சாதிக்காய், கொத்தமல்லி விதை! முட்டை கிடையாது, சோடா உப்பு கிடையாது, பொங்கி எழும்புகிற வேலையே கிடையாது.

இதற்கு முந்தைய பெயர் ‘பான்பெப்பாத்தோ’. அதாவது மிளகு ரொட்டி. சியன்னாவுக்குப் பக்கத்தில் மோன்தெசெல்சோ கன்னியர் மடத்துக்கு அங்கிருந்த குடியானவர்கள் குத்தகைக்குப் பதிலாகத் தேனும் மிளகும் சேர்த்த ரொட்டிகளை அளந்து கொடுத்ததாக 1205-ஆம் ஆண்டு ஆவணம் சொல்கிறது. எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கதை. அந்தக் காலத்து இத்தாலியில் மிளகு, கிராம்பு, சர்க்கரை எல்லாம் மளிகைக் கடைச் சரக்கு அல்ல. விற்றவர்கள் மருந்துக் கடைக்காரர்கள். நம் ஊரில் நாட்டு மருந்துக் கடை இருக்கிறதே, அதே மாதிரிதான். சரக்கு அவர்கள் கையில் இருந்ததால் இந்த இனிப்பைக் கிளறி விற்றவர்களும் அவர்களே. பதினான்காம் நூற்றாண்டில் எழுதிய தாந்தே கூட, தன் காவியத்தின் நரகப் பகுதியில், சியன்னாக்காரர் ஒருவரின் கிராம்பு மோகத்தைக் கிண்டல் செய்திருக்கிறார். அந்த ஊர்க்காரர்கள் கிராம்பில் காசைக் கரைத்தது அவ்வளவு பிரசித்தம்!

1879-ல் இத்தாலி ராணி மார்கரீத்தா சியன்னாவுக்கு வந்தபோது, மிளகுக் காரத்தைக் குறைத்து, மேலே வெள்ளைச் சர்க்கரைப் பொடி தூவி ஒரு புது வகை செய்தார்கள். இன்றைக்குக் கடைகளில் அதிகம் விற்பது அந்த ‘மார்கரீத்தா’ வகைதான். 2013-ல் ஐரோப்பிய யூனியன் இதற்குப் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. நம் பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் கிடைத்ததே, அதே மாதிரி. எனக்குக் கேட்டால், ராணிக்காகக் காரத்தைக் குறைத்தது தப்பு. மிளகு இல்லாத மிளகு ரொட்டி எதற்கு?

சரி, இதில் நமக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அந்த மிளகு எங்கிருந்து போனது என்று யோசியுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்து, மலையாளக் கரையில் கப்பலேறி, அரபு வியாபாரிகள் கை மாறி, அலெக்சாண்டிரியா, வெனிஸ் என்று சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு என்று மூன்று பாதையில் எதில் ஏறினாலும் மிளகுக் கொடி படர்ந்த மலைக்குத்தான் நாம் போய்ச் சேருகிறோம். பலகாரம் அவர்களுடையது, காரம் நம்முடையது.

லேகியம் என்று ஏன் சொல்கிறேன்?

சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் படிக்கிறபோது லேகியம் கிண்டுகிற வரிசையை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். முதலில் பாகு. பாகு பதத்துக்கு வந்ததும் சூரணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். பிறகு நெய். கடைசியில், ஆறிய பிறகு தேன். இந்த வரிசை மாறினால் லேகியம் கட்டிதட்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

பான்ஃபோர்த்தே செய்முறையை நான் முதலில் படித்தபோது, இதென்ன நம்ம லேகியம் மாதிரி இருக்கே என்றுதான் தோன்றியது. அவர்கள் முலாம்பழத்தைச் சர்க்கரையில் ஊறவைக்கிறார்கள். நமக்கு வெண்பூசணி லேகியம் இருக்கிறது. அவர்கள் மிளகு, பட்டை, சாதிக்காய் போடுகிறார்கள். நம் தீபாவளி லேகியத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி. சியன்னாவில் இதில் பதினேழு பொருள் சேர வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு, அந்த ஊரில் பதினேழு பேட்டைகள் இருப்பதால் பேட்டைக்கு ஒன்றாம்! நான் எண்ணிப் பார்ப்பது பதினேழை அல்ல, ஆறை. தேனில் இனிப்பு, மிளகில் காரம், நார்த்தைத் தோலில் கசப்பு, பாதாம் தோலில் துவர்ப்பு, பழத்தில் புளிப்பு, ஒரு சிட்டிகை உப்பு. அறுசுவையும் ஒரே துண்டில் வருகிற பலகாரம் நம் ஊரிலேயே எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்?

ஆனால் ஒன்று. லேகியம் மாதிரி என்று சொன்னேனே தவிர, இது மருந்து என்று சொல்லவில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

சரக்கு எல்லாம் பக்கத்திலேயே

இதற்கான சாமான்களை வெளிநாட்டு டின்களில் தேட வேண்டாம். தேனியிலிருந்து கூடலூர் வரை ஒரு தடவை பஸ்ஸில் போய்வந்தால் பாதிக்கு மேல் வாங்கிவிடலாம்.

முதலில் பன்னீர் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த திராட்சை இது என்று சொல்வார்கள். இன்றைக்கு நம் பள்ளத்தாக்கின் அடையாளம். மற்ற ஊர்களில் சீசனுக்குத்தான் திராட்சை. இங்கே வருஷம் பூராவும் எங்காவது ஒரு பந்தலில் அறுப்பு நடக்கும். 2023-ல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கொட்டை உள்ள ரகம் என்பதால் இதை உலர்திராட்சையாகப் போட்டால் பல்லில் நறநறக்கும். அதனால் இதை மணப்பாகு ஆக்கிவிடுகிறோம். மாதுளை மணப்பாகு, ஆடாதோடை மணப்பாகு கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே முறை. இத்தாலியிலும் திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி இனிப்புக்குப் பயன்படுத்துவது பழைய வழக்கம்தான்.

ஒரு கிலோ பழத்தை உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். மேலே படிந்த மருந்து பெரும்பாலும் போய்விடும். எல்லாமே போய்விடும் என்று சொல்ல மாட்டேன். மருந்தடித்து எத்தனை நாள் கழித்து அறுத்தார்கள் என்று தெரிந்த தோட்டத்தில் வாங்க முடிந்தால் உத்தமம். பழத்தைக் கையால் பிசைந்து, தண்ணீர் விடாமல் பத்து நிமிஷம் வேகவிட்டு, வடிகட்டி, அந்தச் சாற்றை அகலமான பாத்திரத்தில் சிறுதீயில் சுண்டவிடுங்கள். கரண்டியிலிருந்து தேன் மாதிரி ஒழுகும்போது இறக்குங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு சின்ன டம்ளர் கூடத் தேறாது. ‘இவ்வளவுதானா!’ என்று இருக்கும். வாசனை பிடித்துப் பார்த்தால் சமாதானம் ஆகிவிடுவீர்கள்.

அடுத்தது ஏலக்காய். போடிநாயக்கனூர் ஏல மையத்துக்கு வருகிற காயை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பச்சைப் பசேல் என்று கண்ணைப் பறிக்கிற காயைப் பார்த்து மயங்காதீர்கள், அவ்வளவுதான். சாயம் ஏற்றிய காயும் சந்தைக்கு வருகிறது. நான்கு காயை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பச்சையாக இறங்கினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். மிளகில் பப்பாளி விதைக் கலப்படம் பழைய கதை. தண்ணீரில் போட்டால் முற்றிய மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மிதக்கும். ஒன்றிரண்டு பொக்கு மிளகும் மிதக்கும், அதற்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

லவங்கப்பட்டையில்தான் பெரும்பாலான வீடுகளில் ஏமாறுகிறோம். கடையில் ‘பட்டை’ என்று கேட்டால் கெட்டியான, தடித்த, மரப்பட்டை போன்ற ஒன்றைத் தருவார்கள். அது காசியா ரகம். அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். தினமும் நிறையச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆகாது. இலங்கைப் பட்டை மெல்லிசாக, பல சுருளாக, சுருட்டு போல இருக்கும். கையால் நொறுக்கினால் பொடிந்துவிடும். விலை அதிகம்தான். வருஷத்துக்கு ஒரு தடவை பலகாரத்துக்குக் காசியா போட்டால் ஒன்றும் ஆகாது. ‘சர்க்கரை குறையும்’ என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காகத் தினமும் பட்டைப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறவர்கள்தான் எந்தப் பட்டை என்று கவனிக்க வேண்டும்.

நார்த்தங்காய்! இத்தாலிக்காரர்கள் ‘செத்ரோ’ என்று பத்திரப்படுத்துகிற பழத்துக்கு நெருங்கிய சொந்தம் நம் நார்த்தை. நாம் உப்பில் போட்டுப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறோம், அவர்கள் சர்க்கரையில் போடுகிறார்கள். இரண்டு காயை எடுத்து, வெள்ளைச் சதையோடு தோலைச் சீவி, விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். தண்ணீரில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். இப்படி மூன்று தடவை. கசப்பு முழுக்கப் போகக் கூடாது, ஒரு சாயல் நிற்க வேண்டும். பிறகு தோலின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை, மூழ்குமளவு தண்ணீர் விட்டு, தோல் கண்ணாடி மாதிரி ஆகும்வரை வேகவிட்டு, வடித்து, ஒரு நாள் நிழலில் உலர்த்துங்கள். கமலா ஆரஞ்சுத் தோல் கிடைத்தால் அதையும் இதோடு சேர்க்கலாம்.

முலாம்பழத்துக்குப் பதில் வெண்பூசணி மிட்டாய். ‘ஆக்ரா பேட்டா’ என்று கடைகளில் விற்கிறதே, அதுதான். கலர் போடாத வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கள். தயவுசெய்து டூட்டி ஃபுரூட்டி, சிவப்புச் செர்ரி எதையும் இதில் போடாதீர்கள். முதலாவது, சாயம் போட்ட பப்பாளிக் காய். இரண்டாவது, பல சமயம் செர்ரியே கிடையாது, சாயம் போட்ட களாக்காய்!

இனி அடுப்படிக்கு

அளவைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். தோலோடு பாதாம் 150 கிராம், முந்திரி 100 கிராம், நார்த்தைத் தோல் 100 கிராம், பூசணி மிட்டாய் 100 கிராம், உலர்ந்த அத்திப்பழம் 100 கிராம், சலித்த கோதுமை மாவு 100 கிராம், மண்டவெல்லம் 150 கிராம், திராட்சை மணப்பாகு ஒரு சின்ன டம்ளர், தேன் இரண்டு மேஜைக் கரண்டி, தட்டில் தடவ நெய், ஒரு சிட்டிகை உப்பு. வெல்லம் வெளுப்பாக இருந்தால் வேண்டாம். ரசாயனம் போட்டு வெளுக்க வைத்ததாக இருக்கலாம். கறுத்த வெல்லமே நல்ல வெல்லம்.

பொடிக்கு: கொத்தமல்லி விதை ஒன்றரை டீஸ்பூன், லவங்கப்பட்டைத் தூள் ஒரு டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன், சுக்குத்தூள் அரை டீஸ்பூன், ஏலக்காய் ஆறு, கிராம்பு நான்கு, துருவிய சாதிக்காய் கால் டீஸ்பூன். சாதிக்காயில் மட்டும் தாராளம் காட்டக் கூடாது. சின்ன அளவில் செரிமானத்துக்கு நல்லது. ஒரு முழுக் காயை ஒரே ஆள் சாப்பிட்டால் படபடப்பு, மயக்கம், இல்லாதது இருப்பதாகத் தோன்றுவது என்று ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்விடும்.

எங்கள் முறையில் எந்தச் சரக்கையும் சுத்தி செய்யாமல் சேர்ப்பதில்லை. வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம் என்றாலும், இரண்டு மூன்றைச் செய்யலாம், ருசியே மாறும். மிளகைப் புளித்த மோரில் ஒன்றேகால் மணி நேரம் ஊறவைத்து, கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து இளவறுப்பாக வறுங்கள். கிராம்பின் தலையில் இருக்கும் மொட்டை நீக்கிவிடுங்கள். சுக்குக்குத் தோல் சீவுங்கள். கொத்தமல்லியை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் அரைத்தால் சூடேறாமல் விட்டு விட்டு அரையுங்கள்.

பாதாமையும் முந்திரியையும் தனித்தனியே பொன்னிறமாக வறுத்து, பாதாமை முழுசாகவும் முந்திரியை இரண்டாக உடைத்தும் வையுங்கள். பழங்களைப் பொடியாக நறுக்கி, மாவு, உப்பு, சூரணம் எல்லாம் சேர்த்துப் பிரட்டி ஒரு அகலச் சட்டியில் தயாராக இருக்கட்டும். மாவு ஒவ்வொரு துண்டையும் போர்த்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழமெல்லாம் ஒரே பக்கம் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது பாகு. வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மணப்பாகையும் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். பதம் என்ன என்று கேட்கிறீர்களா? அதிரசப் பாகு! ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் கரையாமல், விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும். கடலை மிட்டாய்க்கு மாதிரி ‘டங்’கென்று சத்தம் கேட்கிறவரை விட்டீர்களானால், பலகாரத்தை வெட்ட அரிவாள் தேட வேண்டிவரும். பதம் வந்ததும் இறக்கி, மாவுக் கலவையில் ஊற்றி, தாமதிக்காமல் கிளறுங்கள். இரண்டு நிமிஷத்தில் இறுக ஆரம்பித்துவிடும். வீட்டில் வலுவான கை உள்ளவர் யாராவது இருந்தால் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகளும் லேகியம் கிண்டலாம், தப்பில்லை!

இத்தாலியில் தட்டின் அடியில் மெல்லிய வேஃபர் விரிப்பார்கள், கோவிலில் நற்கருணைக்குக் கொடுக்கும் அப்பத்தைப் போன்றது. நமக்கு வாழை இலை போதும். நெருப்பில் வாட்டி, தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டி, நெய் தடவி விரியுங்கள். எட்டு அங்குலத் தட்டில் கலவையைப் போட்டு, நனைத்த கையால் சமமாக அமுக்குங்கள். அவன் இருந்தால் 150 டிகிரியில் 35 நிமிஷம். அவன் இல்லாதவர்கள் அடிகனமான பழைய இரும்புச் சட்டியில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, நடுவில் ஒரு வளையம் வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிஷம் காயவைத்து, பிறகு தட்டை உள்ளே வைத்துச் சிறுதீயில் முக்கால் மணி நேரம். தெரிந்த பேக்கரிக்காரர் இருந்தால் இன்னும் விசேஷம். பன் எடுத்த பிறகு அடங்கி இருக்கும் சூட்டில் வைத்து வாங்கிவிடலாம்.

வெளியே எடுக்கும்போது தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும், ‘வேகலையோ’ என்று மறுபடி வைத்துவிடாதீர்கள். ஆறினால்தான் இறுகும்.

தேன் எங்கே என்று தேடுகிறீர்களா?

இத்தாலியில் தேனைச் சர்க்கரையோடு சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். நம் மருத்துவத்தில் தேனை அடுப்பில் ஏற்றுவது இல்லை. காய்ச்சிய தேன் விஷம் என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. அந்த அளவுக்கு நான் போக மாட்டேன். எண்ணூறு வருஷமாக சியன்னாக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்? ஆனால் காய்ச்சினால் தேனின் மணம் போய்விடும், அதன் நொதிகள் அழிந்துவிடும், வெறும் சர்க்கரைப் பாகுதான் மிஞ்சும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கி அதைச் செய்வானேன்? பாகு மறுபடி சர்க்கரையாகப் பூத்துப்போகாமல் இருக்கத்தான் அவர்கள் தேன் சேர்ப்பது. அந்த வேலையை நம் திராட்சை மணப்பாகு செய்துவிடுகிறது. திராட்சையில் இருக்கும் சர்க்கரையும் தேனில் இருக்கும் சர்க்கரையும் ஏறக்குறைய ஒரே ஜாதி.

ஆகவே லேகிய வரிசைப்படி, பலகாரம் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், மேலே ஊசியால் அங்கங்கே குத்தி, தேனைத் தடவி விடுங்கள். இரவோடு இரவாக உள்ளே இறங்கிவிடும். தேனி மாவட்டத்தில் இருந்துகொண்டு தேனை அடியோடு விட்டுக்கொடுக்க முடியுமா! தேன் வாங்கும்போது மட்டும், நாய் நக்காது, எறும்பு மொய்க்காது, தண்ணீரில் நூலாக இறங்கும் என்கிற சோதனைகளை நம்பாதீர்கள். 2020-ல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்தபோது, பெரிய பெரிய பிராண்டுகளின் தேனிலேயே சர்க்கரைப் பாகு கலந்திருந்தது தெரியவந்தது. சாதாரண ஆய்வகச் சோதனையையே ஏமாற்றுகிற பாகு, உங்கள் வீட்டுத் தண்ணீர் டம்ளரில் மாட்டிக்கொள்ளுமா? மலையில் எடுக்கிறவரை நேரில் தெரிந்தால் அவரிடம் வாங்குங்கள்.

‘வெல்லம்தானே ஐயா...’

இப்போது முக்கியமான விஷயம். பண்டிகை முடிந்த வாரத்தில் என்னிடம் வருகிற சர்க்கரை நோயாளிகள் பேச்சை ஆரம்பிக்கிற விதமே தனி. "டாக்டரய்யா, ஜீனி தொடவே இல்லய்யா. வெல்லம்தான், கொஞ்சம் தேன்தான். அது ஒண்ணும் செய்யாதுல்ல?" ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்தால் சாப்பிட்டபின் அளவு முந்நூறைத் தாண்டி நிற்கும்!

வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன், திராட்சைப் பாகு எல்லாம் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். வெல்லத்தில் கொஞ்சம் இரும்பு, தாதுக்கள் இருக்கலாம். தேனுக்கு மருத்துவ குணம் உண்டு. ஆனால் கணையம் அதையெல்லாம் பார்த்துச் சலுகை கொடுப்பதில்லை. ‘இயற்கை’ என்ற சொல் நம் வீடுகளில் செய்கிற கெடுதல், ஜீனி டப்பா செய்வதைவிட அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜீனியைப் பார்த்தால் பயம் இருக்கிறது. வெல்லத்தைப் பார்த்தால் பயமே இல்லை.

2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். நோய் வாசலில் நிற்கிறவர்கள் அதைவிட அதிகம், 13 கோடிக்கும் மேல். பண்டிகைத் தட்டு போகிற நாலைந்து வீட்டில் ஒரு வீட்டிலாவது ஆள் இருப்பார்.

எனவே கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன அளவுக்கு முப்பது துண்டு போட்டால் ஒரு துண்டு 30 கிராம் சுமாருக்கு வரும். அதில் சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன். மொத்தத்தில் இரண்டு இட்லிக்குச் சமமான கலோரி. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு இப்படிச் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காபியில் போடுவதையும் இதையும் கூட்டிப் பாருங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குப் பண்டிகையே கிடையாதா? உண்டு. அளவு கட்டுக்குள் இருப்பவர் என்றால் அரைத் துண்டு, வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்குப் பின், அதுவும் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொண்டு. இந்தப் பலகாரத்தில் ஒரு வசதி, வாயில் போட்டதும் கரைந்து உள்ளே ஓடாது. மெல்ல வேண்டும். பருப்பும் காரமும் இருப்பதால் ஒரு துண்டிலேயே மனசு நிறையும். கிரீம் கேக்கில் அந்த நிறைவு வருவதற்குள் மூன்று துண்டு காலியாகியிருக்கும். அளவு கட்டுக்குள் இல்லாதவர்கள், கால் புண் ஆறாமல் இருப்பவர்கள் இந்த வருஷம் வாசனை பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களும் ‘நல்ல நாள் அதுவுமா ஒரு வாய்தானே’ என்று ஊட்டிவிடாதீர்கள். அப்பா மேல் உள்ள பாசத்தை வேறு விதமாகக் காட்டலாம்.

யாராவது இதையே டப்பாவில் அடைத்து, ‘மூலிகை இனிப்பு, சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்’ என்று விற்க வந்தால் வாங்காதீர்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. லேகியம் கிண்டுகிற நானே சொல்கிறேன், லேகியத்திலும் பாதிக்குக் குறையாமல் இனிப்புதான்.

இன்னும் சிலருக்கு எச்சரிக்கை. ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேனைத் தொட்டு நாக்கில்கூட வைக்காதீர்கள். அபூர்வமாக என்றாலும், உயிருக்கே ஆபத்தான பொட்டுலிசம் வர வாய்ப்பு உண்டு. சேனை வைப்பதும் இதில் சேர்த்திதான், பாட்டிமார்கள் கோபிக்கக் கூடாது. ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழு பாதாம் தொண்டையில் சிக்கும். பொடித்துக் கொடுங்கள். கிட்னிக்காரர்களுக்கு உலர்பழத்தில் உள்ள பொட்டாசியம் ஆகாது. பருப்பு வகை ஒத்துக்கொள்ளாதவர்கள் யார் என்று தட்டு அனுப்பும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பல்செட் போட்டவர்கள் துண்டை வெதுவெதுப்பான பாலில் ஐந்து நிமிஷம் ஊறவைத்துச் சாப்பிடலாம்.

தட்டு அனுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டிப் பக்கம் கிறிஸ்துமஸ் என்றால் கோவிலைச் சுற்றியுள்ள வீடுகளோடு நிற்பதில்லை. உத்தமபாளையம், கம்பத்தில் இருக்கும் முஸ்லிம் சிநேகிதர்கள், பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பம் எல்லாருக்கும் பங்கு போகும். கேக் அனுப்பினால் ‘முட்டை போட்டதா?’, ‘ஒயின் ஊற்றினதா?’ என்று ஒரு தயக்கம். வாங்கி வைத்துவிட்டு வேலைக்காரம்மாவிடம் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. இதில் முட்டையும் இல்லை, சாராயமும் இல்லை. நெய்யும் வேண்டாம் என்பவர்களுக்கு நல்லெண்ணெய் தடவிச் செய்யலாம். எந்த வீட்டு அடுப்படிக்கும் தைரியமாகப் போகும்.

டிசம்பர் 25-க்கு வேண்டும் என்றால் 18, 19 தேதிகளிலேயே செய்துவிடுங்கள். முதல் நாள் சாப்பிட்டால் மிளகு தனியாக, கிராம்பு தனியாக நிற்கும். நாலு நாள் போனால் எல்லாம் ஒன்றாகக் கூடிவிடும். வாழை இலையை உரித்துவிட்டு, பட்டர் பேப்பரில் சுற்றி, ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் பொங்கல் வரைக்கும் கெடாது. ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், கல்லாகிவிடும். எறும்புக்கு மட்டும் டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைக்க வேண்டியிருக்கும். வெட்டும்போது கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வெட்டினால் பாதாம் நொறுங்காமல் அழகாக வரும்.

நார்த்தைத் தோல் வேகவைத்த சர்க்கரைப் பாகு ஒரு கிண்ணம் மிச்சமிருக்கும், கீழே கொட்டிவிடாதீர்கள். ஒரு துண்டு சுக்கைத் தட்டிப்போட்டு ஒரு கொதிவிட்டுப் பாட்டிலில் வைத்துக்கொண்டால், வயிற்றுப் பொருமல் வருகிற நாளில் ஒரு டீஸ்பூன் எடுத்து வெந்நீரில் கலந்து குடிக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் நீங்கலாக!